ரிங் பஃபரை வேகமாக்குவோம், படிக்கும்படியும் வைத்திருப்போம்

சி மொழியில் டிரைவரோ நெட்வொர்க் நிரலோ எழுதத் தொடங்குபவர்கள் பலர், வேகம் வேண்டும் என்பதற்காக முதல் நாளிலேயே நிரலைச் சிக்கலாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் வேகம் பெறும் முறையை, 1024 இடங்கள் கொண்ட ஒரு ரிங் பஃபரை (கடைசி இடத்துக்குப் பின் மீண்டும் முதல் இடத்துக்கே திரும்பும் தற்காலிகச் சேமிப்பை) வைத்துப் பார்ப்போம்.

படி 1: எளிய வடிவத்தை எழுதுங்கள். இட எண்ணுடன் ஒன்றைக் கூட்டி, "% 1024" என்று மீதியை எடுத்தால் போதும். கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்குத் திரும்புவதைச் சரிபார்க்கும் சோதனையையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

படி 2: கம்பைலரே நிரலை வேகமாக்கும் ஓ2 நிலையில் கம்பைல் செய்து, லினக்ஸின் பெர்ஃப் கருவியால் அளந்து பாருங்கள். நேரம் வேறெங்கோ செலவாகிறது என்றால், ரிங் பஃபரைத் தொடாதீர்கள்.

படி 3: கம்பைலர் உருவாக்கிய அசெம்ப்ளியை, அதாவது பிராசசருக்கான கட்டளைகளின் எழுத்து வடிவத்தைப் படியுங்கள். பலரும் இந்த இடத்தில் "% 1024" என்பதைக் கையாலேயே "& 1023" என்று மாற்றிவிடுகிறார்கள். அது தேவையற்றது. இட எண்ணை அன்சைன்டு வகையாக (எதிர்ம மதிப்பு இல்லாத வகையாக) அறிவித்தால், 1024 என்பது 2-இன் அடுக்கு என்பதால், ஜிசிசி கம்பைலர் தானாகவே அதை, அதே பிட் கணக்கைச் செய்யும் ஒற்றை ஆண்ட் கட்டளையாக்கிவிடும். வெறும் இன்ட் என்றால், மதிப்பு எதிர்மமாகவும் இருக்கலாம் என்று கருதிக் கூடுதல் கட்டளைகளைச் சேர்க்க நேரும். ஆகவே மாற்ற வேண்டியது கணக்கை அல்ல, மாறியின் வகையை. பின்னாளில் ஒருவர் அளவை 1000 ஆக்கினால், "% 1000" சரியாக இயங்கும்; "& 999" என்று எழுதியிருந்தாலோ, 7-க்கு அடுத்து 8 வராமல் 0 வந்துவிடும், 1000 இடங்களில் 8 மட்டுமே பயன்படும், கம்பைலரும் எச்சரிக்காது. இத்தகைய பிழையைத் தேடி இரவெல்லாம் விழித்திருப்பவர், பெரும்பாலும் அந்த வரியை எழுதியவராக இருக்க மாட்டார் என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

படி 4: எழுதும் திரெட்டும் படிக்கும் திரெட்டும் வெவ்வேறு கோர்களில் ஓடினால், இருவரின் இட எண்களையும் தனித்தனி கேஷ் லைன்களில் (கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் நினைவகப் பகுதிகளில்) வையுங்கள், இன்றைய எக்ஸ்86 பிராசசர்களில் ஒரு கேஷ் லைன் 64 பைட். இரண்டும் ஒரே லைனில் இருந்தால், ஒரு கோர் எழுதும்போதெல்லாம் மற்றதன் கேஷில் உள்ள பிரதி செல்லாததாகிவிடும். இடையில் விட்ட வெற்றிடம் வீண் என்று நினைத்து யாரும் நீக்கிவிடாதிருக்க, காரணத்தையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்த எண்களையும், அளந்த இயந்திரத்தையும் கமென்ட்டில் எழுதுங்கள்.

படி 5: இவ்வளவுக்குப் பிறகும் அசெம்ப்ளி தேவைப்பட்டால், சி வடிவத்தை அழிக்காதீர்கள். வீடியோ, ஆடியோ கையாளும் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில் அசெம்ப்ளி ஃபங்ஷன்களின் விடைகளை, செக்ஏஎஸ்எம் என்னும் சோதனைக் கருவி அவற்றின் சி வடிவங்களோடு ஒப்பிடுகிறது. உங்களிடம் அந்த ஒப்பீட்டுக்கு உரிய வடிவம் முதல் படியிலேயே தயாராகிவிட்டது.