ஒரே ஆள், மூன்று வயது: 19-ஆம் நூற்றாண்டு வில்னா யூதக் குடும்பங்களின் வரிச்சீட்டுகளையும் பத்திரங்களையும் படிக்கும் முறை

இன்று லித்துவேனியாவின் தலைநகராக வில்னியூஸ் என்று அழைக்கப்படும் வில்னா, 1795-இல் போலந்தின் மூன்றாம் பிரிவினையின்போது ரஷ்யப் பேரரசின் கைக்கு வந்தது. அடுத்த நூறாண்டுகளில் அந்நகரத்து யூதக் குடும்பம் ஒவ்வொன்றைப் பற்றியும் ஏராளமான காகிதங்கள் எழுதப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி லித்துவேனிய அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவற்றை முதன்முதலாகப் படிப்பவர் திகைத்துப்போவார். ஒரே மனிதனுக்குத் தலைக்கணக்கில் ஒரு வயதும், திருமணப் பதிவில் வேறொரு வயதும், படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் மூன்றாவதொரு வயதும் இருக்கும். எது உண்மை என்று கேட்பதற்கு முன், இந்தக் காகிதத்தால் யார் பணம் கட்ட நேர்ந்தது, யாருடைய மகன் படைக்குப் போக நேர்ந்தது என்று கேட்டுவிட்டுப் படிப்பதே சரியான தொடக்கம்.

முதல் வேலை தேதியையும் காசையும் சரிசெய்வது. ரஷ்ய ஆவணங்கள் ஜூலியன் நாட்காட்டியில் எழுதப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டில் அது நம் நாட்காட்டியைவிட 12 நாள் பின்தங்கியிருந்ததால், 1858 ஜனவரி 1 என்று எழுதியிருந்தால் அதை ஜனவரி 13 என்று கொள்ள வேண்டும். காசில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. 1839-இல் தொடங்கிய நாணயச் சீர்திருத்தம் ஒரு வெள்ளி ரூபிளை மூன்றரைக் காகித ரூபிளுக்குச் சமமாக்கியது. ஆகவே 1830-களின் கணக்கில் 700 ரூபிள் என்று கண்டால், அது காகிதமா வெள்ளியா என்று பார்க்க வேண்டும். காகிதம் என்றால் உண்மையில் அது 200 வெள்ளி ரூபிள்தான். இதைக் கவனிக்காமல் இரு பத்தாண்டுகளின் கணக்குகளை ஒப்பிட்டால், வரி திடீரெனக் குறைந்துவிட்டதாகத் தோன்றும்.

அடுத்து, அந்த மனிதர் எந்த ஊரில், எந்தப் பிரிவில் பதிவாகியிருந்தார் என்று பாருங்கள். ரஷ்யச் சட்டத்தில் ஒருவர் வசித்த ஊரும் அவர் பதிவாகியிருந்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான யூதர்கள் ‘மெஷ்சானே’ எனப்பட்ட சாதாரண நகரக்குடிகள். ஆண்டுதோறும் பணம் கட்டிச் சான்றிதழ் பெறக்கூடிய சிலரே வணிகர் சங்கத்தில் இருந்தார்கள். சிற்றூர் ஒன்றில் பதிவாகி வில்னாவில் இருபதாண்டு தையல் வேலை செய்த ஒருவருக்கும் தலைவரி கேட்டது அந்தச் சிற்றூர்தான். கடவுச்சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்ததும் அதுவே. 1859-இல் முதல் வகுப்பு வணிகர்களும், 1865-இல் கைவினைஞர்களும் யூதக் குடியிருப்பு எல்லைக்கு, அதாவது பேரரசில் யூதர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட மேற்குப் பகுதிக்கு, வெளியே வாழ அனுமதி பெற்ற பிறகும், வெளியூர் போன கைவினைஞர்களைச் சொந்த ஊர்ப் பதிவு விடவில்லை. ஆகவே வில்னாக் கோப்புகளில் பெயர் கிடைக்கவில்லை என்பதால் ஆள் அங்கே இல்லை என்று முடிவுகட்டாமல், பதிவான ஊரின் கோப்புகளிலும் தேடுங்கள்.

தலைவரிக்காக எடுக்கப்பட்ட கணக்கு ‘ரெவிசியா’ எனப்பட்டது. 1811, 1816, 1834, 1850, 1858 ஆகிய ஆண்டுகளை ஒட்டி எடுக்கப்பட்டவை உங்களுக்கு அதிகம் பயன்படும். வரி ஆண்களுக்கு மட்டுமே என்பதால் 1811 கணக்கில் பெண்களே இல்லை. பிந்தைய கணக்குகளில் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஆண்களின் பக்கத்தில் முந்தைய கணக்கில் இருந்த வயது, இடையில் இறந்தாரா, படைக்குப் போனாரா, ஊர் மாறினாரா என்ற குறிப்பு, இப்போதைய வயது ஆகியவை வரிசையாக வரும். நடுவில் உள்ள அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு கணக்குக்கும் மறுகணக்குக்கும் இடையில் இறந்தவருக்கும் வரி தொடர்ந்து விழுந்தது. அதைச் சமூகம் முழுவதும் கூட்டாகச் சுமந்தது. எனவே ஆண்களைக் கணக்கில் மறைக்கக் குடும்பத்துக்கும் காரணம் இருந்தது, சமூகத் தலைவர்களுக்கும் காரணம் இருந்தது. காட்டப்பட்ட எண்ணிக்கை குறைந்தபட்சம் என்று கொண்டால் பிழை வராது.

வயது ஏன் இத்தனை வளைகிறது என்பதற்கு விடை 1827-இல் இருக்கிறது. அந்த ஆண்டு முதலாம் நிக்கலாயின் ஆணை யூதர்களிடமிருந்து 12 முதல் 25 வயது வரையுள்ளவர்களைப் படைக்கு எடுக்க வழிசெய்தது. சிறுவர்கள் கேண்டனிஸ்ட் பள்ளிகள் எனப்பட்ட படைப்பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 25 ஆண்டுச் சேவை 18 வயதிலிருந்துதான் எண்ணப்பட்டது. யாரை அனுப்புவது என்பதைத் தீர்மானித்தது ககால் எனப்பட்ட சமூக நிர்வாகம். சங்க வணிகர்களுக்கும் ரபிகள் எனப்பட்ட யூத மதகுருக்களுக்கும் விலக்கு இருந்ததால் சுமை ஏழைகள்மீதே விழுந்தது. 1850-களில் படைக்கு ஆள் திரட்டிய சமூகப் பொறுப்பாளர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக ஆட்களையே அமர்த்தினார்கள். ‘காப்பெர்’, அதாவது பிடிப்பவர், என்ற இத்திஷ் (அந்த யூதர்களின் பேச்சுமொழி) சொல் அந்தக் காலத்தின் வடு. சிறுவர்களை எடுப்பது 1856-இல் நின்றது. 1874-இல் எல்லோருக்கும் பொதுவான படைச்சேவைச் சட்டம் வந்து, ஒரே மகனுக்கு விலக்கு அளித்தது. அதன்பின் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வெவ்வேறு வீட்டுக் கணக்கில், சில வேளை வெவ்வேறு குடும்பப் பெயரில் தெரிந்தால் வியக்க வேண்டாம். 1886 முதல் படைக்கு வராதவரின் குடும்பத்துக்கு 300 ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டது. குழந்தையாகவே இறந்த மகனின் இறப்பைப் பதியாமல் விட்ட வீட்டுக்கும் இந்த அபராதம் வரக்கூடும்.

1835 சட்டத்துக்குப் பின் பிறப்பு, திருமணம், மணமுறிவு, இறப்பு என நான்கு பகுதிகளாகப் பதிவேடு வைக்கும் பொறுப்பு ‘அரசு ரபி’ எனப்பட்ட, அரசு அங்கீகரித்த ரபிக்கு வந்தது. ரஷ்ய மொழியும் எபிரேயமும் அருகருகே இருக்கும். இரண்டையும் படியுங்கள், ஏனெனில் ரஷ்யப் பக்கத்தில் எழுத்தர் சிதைத்த பெயர் எபிரேயப் பக்கத்தில் முழுதாக இருக்கும். ட்ஸ்வி என்பவரும் ஹிர்ஷ் என்பவரும் ஒரே ஆளாக இருக்கலாம். முதலாவது எபிரேயத்திலும் மற்றது இத்திஷிலும் மானைக் குறிக்கும் பெயர். ஆண் குழந்தையின் பதிவில் பிறந்த நாளோடு விருத்தசேதன நாளும் இருக்கும். அது பிறந்த நாளையும் சேர்த்து எண்ணிய எட்டாம் நாள். யூதர்களுக்கு நாள் மாலையில் தொடங்குவதால், இரு தேதிகளுக்கும் ஏழு நாளுக்குப் பதில் எட்டு நாள் இடைவெளி இருந்தால், குழந்தை பொழுது சாய்ந்தபின் பிறந்தது என்று கொள்ளலாம். வேறுபாடு இன்னும் அதிகமானால், குழந்தை நோயுற்றிருந்ததா அல்லது பதிவு பின்னாளில் எழுதப்பட்டதா என்று ஐயப்பட இடமுண்டு.

வரிகளில் அதிகக் காகிதத்தை உண்டாக்கியது ‘கொரோப்கா’, அதாவது பெட்டி வரி. அறுக்கும் மாட்டுக்கு இவ்வளவு, கோழிக்கு இவ்வளவு, விற்கும் கோஷர் (யூத மத விதிப்படி உண்ணத் தக்க) இறைச்சியின் ஒவ்வொரு பவுண்டுக்கும் இவ்வளவு என்று தண்டப்பட்டது. (ரஷ்யப் பவுண்டு ஏறத்தாழ 410 கிராம்.) வசூலிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. வரிப்பாக்கி, சமூகக் கடன், பள்ளி, தருமம் ஆகியவற்றுக்கு அந்தப் பணம் செலவாக வேண்டும் என்பது விதி. இறைச்சியோடு நில்லாமல் வீட்டு வாடகை, கடை, தொழில் ஆகியவற்றின்மீது விழுந்த துணைப் பெட்டி வரியும் உண்டு. இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிவிடாதீர்கள். குத்தகைதாரரின் மனுக்களில் திருட்டு அறுப்பு, வெளியூர் இறைச்சி, நட்டம் ஆகிய புகார்கள் திரும்பத் திரும்ப வரும். குத்தகைத் தொகையைக் குறைக்கக் கேட்பவர் நட்டத்தைப் பெரிதாக்கிச் சொல்வது இயல்பு என்பதால், ஏலப் பத்திரத்தையும் மறு ஏலத் தொகையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும். ஏழை ஓய்வுநாளுக்கு வாங்கும் அரைப் பவுண்டிலும் செல்வந்தர் வாங்கும் அரைப் பவுண்டிலும் ஒரே வரிதான். இந்த வரியின்மீது இருந்த கசப்புக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஓய்வுநாள் விளக்கேற்றும் மெழுகுவர்த்திகளின் பெயரிலும் ஒரு வரி 1844 முதல் தண்டப்பட்டது. அது அரசு நடத்திய யூதப் பள்ளிகளுக்குப் போனது.

அதே 1844 டிசம்பரில் ககால் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன்பின் வந்த காகிதங்களில் ககால் என்ற சொல்லைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வரியும் படைக்கணக்கும் நகராட்சியின் பார்வைக்குப் போயின. வசூலிப்பவர்களும் படைக்கு ஆள் திரட்டும் பெரியவர்களும் மட்டும் யூதர்களாகத் தொடர்ந்தார்கள். வில்னாவில் சமூகத்தின் உள்வேலைகளை ‘ட்ஸெதாகா கெதோலா’, அதாவது பெருந்தருமம், என்ற அமைப்பு கவனித்துக்கொண்டது. ஆகவே ஒரே செய்தியை நகராட்சிக் கோப்பில் ஒருமுறையும் தருமக் கணக்கில் ஒருமுறையும் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக, மணமும் சொத்தும். மூன்றாம் நூற்றாண்டு பாபிலோனிய அறிஞர் ஷ்முவேல் சொன்ன ‘அரசின் சட்டம் சட்டமே’ என்ற விதியை வரி, நாணய விவகாரங்களில் ரபிகள் ஏற்றார்கள். மணத்துக்கும் மணமுறிவுக்கும் அது பொருந்தாது. கெத்துபா என்ற மணப் பத்திரமும் கெட் என்ற விலக்குச் சீட்டும் யூதச் சட்டப்படியே எழுதப்பட்டன. கணவன் கெட் தராவிட்டால் பெண் மறுமணம் செய்ய முடியாது. பதிவேட்டில் பிரிந்திருந்தும் மணமானவளாகவே நிற்கும் பெண்களுக்கு இது ஒரு காரணம். சொத்துப் பத்திரங்களில் ‘ஆண்பிள்ளைப் பங்கில் பாதி’ என்ற சொற்றொடர் வந்தால் அதைக் கொடையாகவோ கடனாகவோ நேர்ப்பொருளில் கொள்ளாதீர்கள். மகன் இருக்க மகளுக்குப் பங்கில்லை என்பது யூத மறைநூலான தோராவின் விதி. அதைச் சுற்றிச் செல்லத் தந்தை, மகளின் திருமணத்தின்போது பெருந்தொகை ஒன்றைத் தான் அவளுக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதிக்கொடுப்பார். தம் மரணத்துக்குப் பின் மகன்கள் அவளுக்கு ஆண்பங்கில் பாதியைக் கொடுத்துவிட்டால் அந்தக் கடன் இல்லாது போகும் என்று நிபந்தனையும் சேர்ப்பார். அந்தப் பத்திரத்தில் உள்ள கடன் தொகை வீட்டின் செல்வத்தைக் காட்டாது. மகன்கள் கொடுக்காமல் இருக்க முடியாதபடி வேண்டுமென்றே மிகைப்படுத்தி எழுதப்பட்டது அது.