சுண்ணாம்புக்கல்லுக்குள்ள ஒரு எறா: வீட்லயே எப்படிப் பாக்குறது

எறா புதைபடிவம் இருக்குற கல்லு கைக்கு வந்ததும் கழுவணும்னு தோணும், வேணாம். முக்கியமா வினிகர் பக்கமே போகாதீங்க, சுண்ணாம்புக்கல்லு நுரைச்சுக் கரையும், எறாவோட ஓட்டையும் சேத்து அரிச்சிடும். என் முதல் கல்லுல ஒரு சொட்டு விட்டேன், பாதி மீசை போச்சு, இன்னும் மனசு ஆறல. காஞ்ச மெல்லிசு பிரஷ் போதும்.

இப்ப என்கிட்ட இருக்குறது ஜெர்மனி சோல்ன்ஹோஃபன் கல்லு, சுமார் 15 கோடி வருஷம் பழசு. நம்ம சிங்கப்பூர் லீ கொங் சியான் மியூசியத்துல நிக்குற மூணு பெரிய டைனோசரும் ஏறக்குறைய அதே காலம்தான், அதுங்க அமெரிக்காவுல வயோமிங் பக்கம் நடமாடினப்ப இது உப்பேறுன காயல்ல சுண்ணாம்புச் சேத்துக்குள்ள அமுங்கிருச்சு. அடியில ஆக்சிஜன் இல்ல, வந்து கிளறித் தின்ன ஆளும் இல்ல, அதான் மீசை வரைக்கும் அப்படியே இருக்கு.

முதல்ல டேக்கா மார்க்கெட்ல தலையோட ரெண்டு எறா வாங்கிட்டு வாங்க. நடக்குற கால் அஞ்சு ஜோடி, முன்னாடி மூணு ஜோடிக்கும் நுனியில குட்டியா கொடுக்கு இருக்கும், தட்டுல வச்சு எண்ணிப் பாத்துட்டு அப்புறம் கல்லுக்கு வாங்க, கண்ணு தானா தேடும். முதல் ஜோடி கால் மட்டும் ரொம்ப நீளமா நீட்டிட்டு இருந்தா அது எறா இல்லாம மெக்கோகைரஸ்ங்கிற, சிங்கி எறா மாதிரி இருக்குற வேற உயிரா இருக்கலாம்.

ரூம் லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச கல்லோட ஒட்டிப் படுக்க வச்சு அடிங்க, தெரியாத கணுவெல்லாம் நிழலா எழும்பும். 365 நானோமீட்டர் யூவி டார்ச் கிடைச்சா இன்னும் நல்லது (கண்ணுக்கு யூவி கண்ணாடி கட்டாயம்), ஓடு தனியா ஒளிரும், பெயிண்ட்ல வரைஞ்சு சேத்த கால் வேற மாதிரி மங்கலா கிடக்கும். காசு குடுக்குறதுக்கு முன்னாடியே இத செஞ்சு பாத்துடுங்க. பக்கத்துல கருப்பா ஃபெர்ன் இலை மாதிரி படர்ந்திருந்தா செடி இல்ல, மாங்கனீசும் இரும்பும் ஊறிப் படிஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் கழுத்துதான். தலை ஓடும் வாலும் சேர்ற எடத்துல பிளந்து, தலை ஓடு ஒரு பக்கமா தூக்கிட்டு நிக்குதா? அப்ப அது செத்த எறா இல்லாம உரிச்சுப் போட்ட சட்டையா இருக்க வாய்ப்பு அதிகம், எறா அதுக்கப்புறமும் நீந்திப் போயிருக்கும்.

பாத்து முடிச்சதும் கல்லோட பின்பக்கம் அது கிடைச்ச ஊர் பேரப் பென்சில்ல எழுதி வைங்க, சீட்டு ஒட்டுனா இந்த ஊரு ஈரத்துக்குப் பூசணம் பிடிக்குது.