தேனீ கேம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் என்னிடம் கேம் செய்யப் பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் எடுப்பது, தட்டினால் பறக்கும் பூச்சி கேம்தான். 2013இல் வந்த ஃப்ளாப்பி பேர்டின் தாக்கம் இன்னும் போகவில்லை. பறவைக்குப் பதில் தேனீ, பச்சைக் குழாய்க்குப் பதில் பெங்களூரா மாங்காய் தொங்கும் கிளை. முதல் கேமுக்கு நல்ல தேர்வு. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த குழியிலேயே ஒவ்வொரு பேட்ச்சும் வந்து விழுகிறது. எழுத்துப்பிழை, படம் லோடு ஆகாதது எல்லாம் எஞ்சினே (கேம் செய்யும் மென்பொருள்) சிவப்பில் காட்டிவிடும், அதை விடுங்கள்.

ஃபிரேமை நம்பி வேகம் வைப்பது

ஃபிரேம் என்பது திரை ஒருமுறை வரையும் படம். அதை நம்பி வேகம் வைத்ததைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. செய்தவர் போனில் கேம் அழகாக ஓடும்.

போன மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஈர்ப்பைக் கூட்டி, தேனீயையும் நகர்த்தியிருந்தார். அவர் போன் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 ஃபிரேம். ஓசூரில் இருக்கும் அவர் அண்ணனின் 120 ஹெர்ட்ஸ் போனில் எல்லாமே இரண்டு மடங்கு வேகம். "தட்டுறதுக்குள்ள செத்துடுதுண்ணா" என்றார்.

அப்புறம் யாரோ சொல்லி, நகர்த்தும் வரியை மட்டும் டெல்டாவால், அதாவது போன ஃபிரேமிலிருந்து கழிந்த நேரத்தால், பெருக்கினார். கிளைகள் சரியான வேகத்தில் வந்தன, தேனீயோ 120இல் பாதி உயரம்தான் எழும்பியது. ஈர்ப்பு இன்னும் ஃபிரேமுக்கு ஒருமுறை கூடிக்கொண்டிருந்தது. வினாடிக்கு 60 தடவை இழுத்தது இப்போது 120 தடவை இழுக்கிறது. காரணம் புரியாமல் கிளைகளின் இடைவெளியை அகலமாக்கினார். பழைய போனில் கேம் சப்பென்று ஆகிவிட்டது. பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளிகள் அத்தனையும் வீண்.

ஈர்ப்பு, நகர்வு இரண்டையும் டெல்டாவால் பெருக்குங்கள். தட்டும்போது கொடுக்கும் மேல்நோக்கு வேகத்தை மட்டும் பெருக்காதீர்கள். அது ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை கொடுப்பது. இதைவிட நல்ல வழி, பறக்கும் கணக்கு முழுவதையும் சீரான இடைவெளியில் ஓடும் பகுதிக்கு மாற்றுவது. கோடாட் எஞ்சினில் அது ஃபிசிக்ஸ் பிராசஸ், நாம் மாற்றாதவரை வினாடிக்கு 60 தடவை ஓடும். யூனிட்டி எஞ்சினில் ஃபிக்ஸ்டு அப்டேட், நாம் மாற்றாதவரை 0.02 வினாடிக்கு ஒருமுறை.

சோதிக்க வேறு போன் இல்லையா? 120 ஹெர்ட்ஸ் போன்கள் பலவற்றில் பேட்டரி சேவர் போட்டால் 60க்கு இறங்கிவிடும். இரண்டு நிலையிலும் தேனீ ஒரே உயரம் எழும்புகிறதா என்று பாருங்கள். சரி, இது போதும்.

மோதல் எல்லை

இறக்கை நுனி இலையில் பட்டதற்கெல்லாம் சாகடிக்காதீர்கள். உடலைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போதும்.

ரீங்காரம்

நிறுத்த பட்டன் வையுங்கள்.

விளம்பரம்

ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று வேண்டாம்.

பிளே ஸ்டோர்

கேம் முடிந்த பிறகுதான் பலர் இதை யோசிக்கிறார்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். நடுவில் யாராவது விலகலாம், அதனால் நாலு பேரைக் கூடுதலாகவே சேருங்கள். அதில் இரண்டு பேராவது 120 ஹெர்ட்ஸ் போன் வைத்திருப்பவர்களாக இருக்கட்டும்.