மெத்தைக்கு அடியில் பூஞ்சை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகருக்குப் பக்கத்தில், ஒரு ஆர்.வி. (வீடாகவே வாழும் வண்டி) முகாமில் மாத வாடகைக்கு இடம் பிடித்திருந்தோம். 1733-ல் உருவான ஊர். ஓக் மரங்களில் தாடி மாதிரி தொங்கும் ஸ்பானிஷ் பாசியைப் பார்த்து மயங்கினேன். அது காற்றின் ஈரத்தைக் குடித்தே வாழ்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜூலையில் விரிப்பு மாற்ற மெத்தையைத் தூக்கினால், அடியில் கறுப்புப் புள்ளிகள். பிளைவுட் பலகை நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று ஏணி போட்டு ஏறி இறங்கியதுதான் மிச்சம். காரணம் நாங்களேதான்! உடம்பின் சூடும் வியர்வையும் மெத்தை வழியே இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது.

வினிகர் தெளித்துத் துடைத்து, இரண்டு நாள் மின்விசிறியில் காயவிட்டேன். மெத்தைக்கடியில் காற்று ஓட மரச்சட்டங்கள் வைத்தேன். காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியுமிடிஃபையர் வாங்கி, அதன் குழாயை சிங்க்கில் விட்டேன். 72 சதவீதம் காட்டிய ஈரப்பதமானி நாலு நாளில் 50-க்குக் கீழே வந்தது. வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வராமலிருக்க, காற்று வரட்டுமென்று கூரை ஜன்னலைத் திறக்கும் பழக்கத்தையும் விட்டோம்.

ஒரே தொல்லை: 30 ஆம்பியர் இணைப்பில் ஏ.சி., டீஹியுமிடிஃபையர், மைக்ரோவேவ் மூன்றும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். சாம்பார் சுடவைக்கும்போது ஏ.சி.க்கு ஓய்வு.