லண்டனில் பவுன்சர் வேலை: விளம்பரத்தில் ‘டோர் சூப்பர்வைசர்’ என்றுதான் இருக்கும்

‘டோர் சூப்பர்வைசர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, நாலு பேரை மேய்க்கும் மேற்பார்வையாளர் வேலை என்று நம்மவர்கள் பலர் நினைத்துவிடுகிறார்கள். அது நைட்கிளப், பப் வாசலில் நிற்கும் காவலாளி வேலை. பேச்சில் பவுன்சர் என்பார்கள், டோர்மேன் என்றும் சொல்வார்கள். பிரிட்டனில் லைசென்ஸில் அச்சாகும் பெயர் டோர் சூப்பர்வைசர் மட்டுமே.

பெயரைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்ஐஏ என்ற அரசு அமைப்பு தரும் ‘செக்யூரிட்டி கார்டு’, அதாவது சாதாரணக் காவலாளி லைசென்ஸை வைத்துக்கொண்டு கிளப் வாசலில் நிற்க முடியாது. டோர் சூப்பர்வைசர் லைசென்ஸ் இருந்தால் இரண்டு வேலையும் பார்க்கலாம். அதனால் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் எந்த லைசென்ஸுக்கான வகுப்பு என்று கேட்டுவிடுங்கள்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். முதலில் முதலுதவிச் சான்றிதழ். டோர் வகுப்பு தொடங்கும் நாளில் அதற்கு இன்னும் 12 மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். பிறகு வகுப்பு, தேர்வு, ஆன்லைன் விண்ணப்பம். கடந்த 5 ஆண்டுகளில் வேறு நாட்டில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்து போலீஸ் சான்றிதழ் வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு விண்ணப்பம் இழுப்பது பெரும்பாலும் இங்கேதான். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. கிடைத்துவிட்டால் 3 ஆண்டு செல்லும்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். பட்டப்படிப்பு என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிநேரம்தான், வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரவு 9 முதல் 3 வரை என்றால் ஒரு ஷிப்டு 6 மணிநேரம். ஞாயிறு இரவு ஷிப்டில் நள்ளிரவுக்குப் பிந்தைய 3 மணிநேரம் அடுத்த வாரக் கணக்கில் சேரும். இதைவிட ஆபத்தானது ‘செல்ஃப் எம்ப்ளாய்ட்’ ஏற்பாடு. டோர் கம்பெனிகள் சில அப்படித்தான் ஆள் எடுக்கின்றன. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. சம்பளச் சீட்டு தராத இடத்தில் சேராதீர்கள்.

வாசலில் கைபலத்துக்கு வேலை குறைவு. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிறவரிடம் அடையாள அட்டை கேட்பது, கையிலுள்ள கிளிக்கரை (ஆளை எண்ணும் கருவி) உள்ளே போகிறவருக்கும் வெளியே வருகிறவருக்கும் தவறாமல் அழுத்துவது, அன்று நடந்த சம்பவங்களைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவது, இவைதான் இரவு முழுக்க. தீ விபத்து நேர்ந்தால் உள்ளே எத்தனை பேர் என்பதற்கு அந்தக் கிளிக்கர்தான் கணக்கு. சம்மதம் இல்லாமல் யாரையும் சோதிக்கக் கூடாது. மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம், அவ்வளவுதான். ‘சாரி மேட், நாட் டுநைட்’ என்று தணிந்த குரலில் சொல்லிப் பழகுங்கள். யாரையாவது பிடித்து நிறுத்த வேண்டி வந்தால் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தாதீர்கள். மூச்சு அடைத்து உயிரே போய்விடும்.

வேலை நேரத்தில் லைசென்ஸ் அட்டை வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். பலர் கைப்பட்டையில் மாட்டுகிறார்கள். ‘விண்ணப்பித்துவிட்டேன், வந்துவிடும்’ என்று சொல்லி வாசலில் நிற்பதும், நண்பரின் அட்டையை மாட்டிக்கொண்டு நிற்பதும் குற்றம். லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தால் 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம்.