சூட்டில் அளந்த காற்றுதான் கணக்கு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் பஞ்சர் கடை வைத்துப் பதினோரு வருஷமாகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது என் யமஹா ஆர்15 பைக்கைக் குட்டியானையில் ஏற்றி, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிப்பாளையத்துக்கோ டிராக் டே ஓட்டக் கொண்டுபோவேன். நம்ம வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடுகிற நாள்தான் டிராக் டே. இப்போது உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கமிருந்தும் தம்பிகள் போகிறார்கள். கிளம்பும் முன் கடைக்கு வந்து, "அண்ணே, எவ்வளவு காத்து வைக்க?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது.

முதல் தடவை போனபோது கம்பெனி வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருந்த அளவையே வைத்தேன். முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). காலையில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மதியம் ஒரு வளைவை முடித்து ஆக்சிலேட்டரைத் திருகியதும் பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ விழாமல் உள்ளே வந்து அளந்தேன். பின்டயரில் 39 இருந்தது. நான் வைத்த 33 எங்கேயும் போகவில்லை, சூட்டில் வீங்கியிருந்தது.

டயர் உருளும்போது அதன் உடம்பு நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில்தான் சூடு பிறக்கிறது. உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். 40 டிகிரி ஏறினால் 6 பிஎஸ்ஐ. காற்று அதிகமானால் டயர் உருண்டு விறைத்து, தரையைத் தொடும் இடம் சுருங்கிவிடும். ரொம்பக் குறைந்தாலும் ஆபத்துதான். டயர் அளவுக்கு மீறி நசுங்கி, கொதித்து, ஹேண்டில் கனத்து, வளைவில் வண்டி நெளியும். அதனால் ஓட்டி முடித்த சூட்டில் கேஜ் காட்டுவதுதான் உண்மையான கணக்கு. காலையில் வைப்பது அங்கே போய்ச் சேருவதற்கான தொடக்கம், அவ்வளவுதான்.

நான் செய்வது இது. டிராக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியை நிழலில் நிறுத்துவேன். ஒரு சக்கரம் வெயிலில் நின்றால்கூட அளவு மாறிவிடும். டயர் முழுக்க ஆறியிருக்கும்போது முன்னால் 27, பின்னால் 28 வைப்பேன். முதல் செஷன் (ஒரு தடவை ஓட்டக் கொடுக்கும் நேரம்) முடிந்து உள்ளே வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கேஜை எடுத்துவிடுவேன். இரண்டு நிமிஷம் கதை பேசிவிட்டு அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சூட்டில் 32, 33-க்குள் நின்றால் தொடமாட்டேன். தாண்டினால் ஒரு பிஎஸ்ஐ மட்டும் இறக்கி, அடுத்த செஷனில் மறுபடி பார்ப்பேன். இது 150 கிலோவுக்குக் கீழான என் வண்டிக்கும், அதில் நான் போட்டிருக்கும் ரோடு டயருக்கும் உள்ள அளவு. பெரிய வண்டிக்கும் ரேஸ் டயருக்கும் அந்த டயர் கம்பெனி டிராக்குக்கென்று சொல்லும் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாக ஒரு கேஜ் கட்டாயம் வேண்டும். பெட்ரோல் பங்கில் ஒன்று காட்டும், டிராக்கில் பக்கத்து ஆளுடையது இன்னொன்று காட்டும். ஒரே கேஜில் அளந்து, நேரம், வெயில், அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலு டிராக் டே ஆனதும் அந்த நோட்டே உங்களுக்கு வாத்தியார்.

நம்ம ஊர் வண்டிகளுக்கென்று ஒரு விஷயம் உண்டு, அது உப்பு. கடலோரமாக நிற்கிற வண்டியில் வால்வு பின் பச்சை பூத்துவிடும், ரிம் ஓரம் பொரிந்துவிடும். காற்று மெல்லக் கசியும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் பின்னை மாற்றுங்கள், பத்து, இருபது ரூபாய்தான் ஆகும். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிற மூடியைப் போடுங்கள். அப்புறம், ஈரக்காற்று. என் கம்ப்ரஸர் டேங்கைத் தினமும் அடியில் திறந்துவிட்டால் தண்ணீராகக் கொட்டும். அந்தத் தண்ணீர் டயருக்குள் போனால் சூட்டில் ஆவியாகி, அழுத்தத்தை நம் கணக்கை மீறி ஏற்றிவிடும். டிராக்குக்குப் போகிற வண்டிக்குக் காற்றடிக்கும் முன் டேங்கை வடித்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சூடேற்றுவது பற்றி. டயரைச் சுற்றிக் கட்டும் மின்சாரப் போர்வையெல்லாம் ஸ்லிக்குக்கும் (வரிப்பள்ளமே இல்லாத டயர்) மற்ற ரேஸ் டயருக்கும்தான். 80 டிகிரி வரை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அப்படிச் சூடாக்கினால் அளவையும் அந்தச் சூட்டிலேயே வைக்க வேண்டும். ரோடு டயருக்கு முதல் இரண்டு, மூன்று லேப் (டிராக்கைச் சுற்றும் சுற்று) போதும். தயவுசெய்து பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டாதீர்கள். கார் ரேஸில் பார்த்துவிட்டுச் செய்கிறார்கள், பைக்கில் அதனால் சூடேறுவது கொஞ்சம், ஆபத்து நிறைய. வண்டி நிமிர்ந்திருக்கும்போது படிப்படியாக அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள், நிமிர்ந்தபடியே ஆக்சிலேட்டர் கொடுங்கள். டயர் நசுங்கி உள்ளிருந்து சூடாகும். சாய்வதை லேப்புக்கு லேப் கூட்டுங்கள். ஒரு பக்க வளைவுகளே அதிகமான டிராக்கில் டயரின் மறுபக்கம் ஆறியே கிடக்கும். வெகுநேரம் கழித்து வரும் அந்தப் பக்க வளைவில் என் தம்பிமுறைப் பையன் ஒருவன் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். அந்த வளைவு வரும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான்.

மழை பெய்தால் டயர் சரியாகச் சூடேறாது, ஸ்டிக்கர் அளவுக்கே திருப்பி ஏற்றிவிடுவேன்.

சாயங்காலம் வண்டியை ஓட்டிக்கொண்டே ஊருக்குத் திரும்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சூட்டில் காற்றை இறக்கிய டயர், இரவு ஆறியதும் 25, 26-க்கு வந்து நிற்கும். அந்தக் காற்றோடு, பை, சாமான் கட்டிக்கொண்டு ஊர் வரை ஓட்டக் கூடாது. டயர் ஆறட்டும். டீ குடித்துவிட்டு வந்து, உங்கள் வண்டி ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றிக்கொண்டு அப்புறம் கிளம்புங்கள்.