சும்மா சும்மா ஹேங் ஆவுற கம்ப்யூட்டர ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இத பாத்துக்கிடுங்க

மார்த்தாண்டத்துல சித்தி ஒரு சின்ன டிடிபி கடை வச்சிருக்காங்க, கல்யாண கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கதான் அடிக்காங்க. ஐப்பசி மழைல ஒரு நாள் போன் பண்ணி "மக்கா, இந்த சவம் திரும்பவும் அப்படியே நின்னுட்டு பாத்துக்கோ, மவுஸும் அசையல, ராத்திரி முழுக்க இருந்து செஞ்ச நோட்டீஸ் போச்சு"ன்னு சொல்லும்போ அழாத கொறதான். அதுக்கு முன்னாடியே ஒருத்தர்ட்ட குடுத்து ரெண்டு தடவ ஃபார்மேட் பண்ணி, ரேமும் மாத்தி மூவாயிரத்துக்கு மேல செலவு. நான் நாகர்கோவில்லேந்து பஸ் ஏறி போய் பாத்தா பிரச்சன எஸ்எஸ்டியோட, அதான் ஃபைல் எல்லாம் இருக்க டிஸ்கோட, பழைய ஃபார்ம்வேர், சரி பண்ண கால் மணி நேரம்.

டிரைவர்ங்கது விண்டோஸ்ல இருக்க புரோகிராம், கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை, டிஸ்க் இதுங்க கூட விண்டோஸ் பேசுறதே அது வழியாத்தான். ஃபார்ம்வேர் அந்த பார்ட்ஸுக்கு உள்ளேயே பதிஞ்சு கெடக்கது, பயாஸும் மதர்போர்டோட ஃபார்ம்வேர்தான். ஃபார்மேட் பண்ணா ஃபார்ம்வேர் மாறவே மாறாது, போதாக்கொறைக்கு எப்ப ஹேங் ஆச்சு ஏன் ஆச்சுன்னு விண்டோஸ் எழுதி வச்சிருந்த லாக் மொத்தமும் அழிஞ்சிரும், அதான் எனக்கு ஆத்தாமை.

அடுத்த தடவ ஹேங் ஆனா உடனே பவர் பட்டன அமுக்காதீங்க. மொதல்ல மணி என்னன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க. அப்புறம் கேப்ஸ் லாக் அமுக்கி பாருங்க, லைட் மாறி மாறி எரிஞ்சா விண்டோஸ் உள்ள உயிரோட இருக்கு, ஸ்கிரீன்தான் நின்னிருக்கு. அப்ப விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலயும் சேத்து அமுக்குங்க, ஸ்கிரீன் ஒரு தடவ அணைஞ்சு வரும், அதுல சரியாச்சுன்னா கிராஃபிக்ஸ் டிரைவர் மேலதான் சந்தேகம். மவுஸ் அசையுது ஆனா எத கிளிக் பண்ணாலும் தொறக்கல, கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாம் ஒண்ணா தொறக்குதுன்னா டிஸ்க் பக்கம் போங்க. கேப்ஸ் லாக்கும் செத்து சத்தம் ஒரே எடத்துல ஙொய்னு இழுத்துட்டு நின்னா கொஞ்சம் ஆழமான கேஸ், பயாஸ், ரேம், சூடு எல்லாத்தையும் பாக்கணும்.

திரும்ப ஆன் பண்ணதும் ஸ்டார்ட் மெனுல ஈவென்ட் வியூவர்னு தேடி தொறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம், நீங்க குறிச்சு வச்ச நேரத்துக்கு போங்க. அங்க கர்னல் பவர் 41னு செவப்புல ஒண்ணு இருக்கும், அத பாத்துட்டு எஸ்எம்பிஎஸ், அதான் கரண்டு குடுக்க பெட்டிய, மாத்துனவங்க நெறய பேரு. கம்ப்யூட்டர் முறையா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம், நீங்க பட்டன அமுக்கி அணைச்சாலும் அதேதான் வரும். அதுக்கு சித்த முன்னாடி என்ன இருக்குன்னுதான் பாக்கணும். டிஸ்பிளே 4101னா கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாம நின்னு திரும்பி வந்திருக்கு. 129 இல்லேன்னா 153 வந்தா டிஸ்க் நேரத்துக்கு பதில் சொல்லல, எஸ்எஸ்டி ஃபார்ம்வேரா இருக்கலாம், அதோட டிரைவரா இருக்கலாம், டெஸ்க்டாப்னா டிஸ்க மதர்போர்டோட சேக்குற சாட்டா கேபிள் லூசாவும் இருக்கலாம், கேபிள மொதல்ல கழத்தி மாட்டுங்க. டிஸ்க் 7 வந்தா மத்தத எல்லாம் விட்டுட்டு ஃபைல வேற எடத்துக்கு காப்பி பண்ணுங்க, அது பேட் பிளாக், டிஸ்க்ல ஒரு எடம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். சித்தி கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஹேங்குக்கும் முன்னாடி 129 வரிசையா நின்னுச்சு.

எது மேல சந்தேகமோ அத மட்டும் அப்டேட் பண்ணுங்க, ஒரு நேரத்துல ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எதால சரியாச்சுன்னும் தெரியாது எதால கெட்டுச்சுன்னும் தெரியாது. லேப்டாப்னா அந்த கம்பெனி சைட்ல மாடல் நம்பர் போட்டு எடுங்க, எஸ்எஸ்டிக்கு அதோட கம்பெனியே டூல் குடுக்கும், ஃபைல் பேக்கப் எடுத்துட்டு அதுல பண்ணுங்க. ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும் அப்டேட்னு வர்ற சாஃப்ட்வேர் வேண்டாம், தப்பான டிரைவர ஏத்தி விட்டுரும். அப்டேட் பண்ண பெறவுதான் ஹேங் ஆரம்பிச்சதுன்னா டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் இருக்கு, பழசுக்கே போங்க. இன்னொண்ணு, டிரைவர் போட்டதும் ஷட்டவுன் குடுக்காம ரீஸ்டார்ட் குடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணும்போ விண்டோஸ் தன்னோட கர்னல, அதான் உள்கருவ, டிஸ்க்ல சேமிச்சு வச்சு அடுத்த தடவ அதையே எடுத்துக்கிடும், ரீஸ்டார்ட்லதான் புதுசா தொடங்கும்.

ஃபார்ம்வேரால இவ்வளவு வருமான்னு கேக்கவங்களுக்கு சொல்லுறேன். க்ரூஷியல் எம்4 எஸ்எஸ்டி 5184 மணி நேரம் ஓடுன பெறவு கிராஷ் ஆயிட்டே இருந்துச்சு, 2012 ஜனவரில புது ஃபார்ம்வேர் விட்டுத்தான் சரி பண்ணாங்க. ஏஎம்டியோட ரைசன் சிப் போட்ட கம்ப்யூட்டர்ல எஃப்டிபிஎம்ங்க பாதுகாப்பு வசதியால நடுநடுவுல திக்கி நிக்குதுன்னு ஏஎம்டியே 2022ல ஒத்துக்கிட்டு பயாஸ் அப்டேட்ல தீர்வு குடுத்தாங்க. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புக்கு 2024 ஆகஸ்ட்ல வந்த மைக்ரோகோடும், அதான் சிப்புக்கு உள்ள ஓடுற கோடும், பயாஸ் வழியாத்தான், ஆனா ஏற்கனவே கெட்டுப்போன சிப் அதால சரியாவாது, வாரண்டிய இன்டெல் ரெண்டு வருஷம் நீட்டியிருக்கு, கேட்டு வாங்குங்க.

பயாஸ் அப்டேட்ல மட்டும் பாதில கரண்டு போனா மதர்போர்டே போயிரலாம். நமக்கு ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை, ஒரு ரப்பர் கொம்பு லைன்ல விழுந்தா போதும், ஒக்கி புயல்ல எத்தன நாள் இருட்டுல கெடந்தோம்னு மறக்குமா. அதனால வானம் தெளிஞ்ச நாளா பாத்து, டெஸ்க்டாப்ப யுபிஎஸ்ல போட்டு, லேப்டாப்னா ஃபுல் சார்ஜோட சார்ஜரும் மாட்டி வச்சு பண்ணுங்க. டிஸ்க பூட்டி வைக்க பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீய எழுதி வச்சுட்டு அத சஸ்பெண்ட் பண்ணுங்க. நடுவுல ஸ்கிரீன் கருப்பாகி அப்படியே நிக்கும், பயந்து ஆஃப் பண்ணிராதீங்க.

லினக்ஸ் பென்டிரைவ்ல போட்டு ஓட விட்டாலும் ஹேங் ஆவுதுன்னா விண்டோஸ் டிரைவர் மேல பழி போட வேண்டாம், பார்ட்ஸ்லயோ ஃபார்ம்வேர்லயோதான் இருக்கு. குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்துல இருக்கவங்க ரேம கழத்தி காலுல பச்சை புடிச்சிருக்கான்னு பாருங்க, உப்புக் காத்து அங்க சீக்கிரம் வேலைய காட்டும்.

அப்டேட் பண்ணி ஒரு நாள் ஓடுனதும் சரியாச்சுன்னு சொல்லிராதீங்க. சித்திக்கு மூணு நாளைக்கு ஒருக்கா நிக்கும், அதனால மூணு வாரம் நோட்டுல குறிக்கச் சொன்னேன், லாக்லயும் 129 வருதான்னு நானே போய் பாத்தேன். ஒண்ணு கூட இல்ல, அந்த திருவிழா நோட்டீஸும் நேரத்துக்கு அடிச்சு குடுத்தாச்சு.